சொற்றேர்வும் பொருட்டெளிவும்

முன்னுரை

ஒரு பொருளைக் குறிக்கப் பல சொற்கள் உண்மை தமிழின் வளத்திற்குச் சான்றாகப் பலராலும் எடுத்துக்காட்டப் பெறுகின்றது. மலைக்கு இத்தனை பெயர், கடலுக்கு இத்தனை பெயர் என எண்ணிக் காட்டி மகிழ்வாரும் உளர். அவ்வளம் மெய்யே. ஆயினும் அவ்வளத்தை ஆளும் முறை யாது என்னும் வினா நம்மிடையே போதிய அளவில் எழவில்லை. குதிரில் நெல் நிறைந்திருத்தல் ஒன்று. அவற்றுள் வித்துக்குரியது எது, உணவுக்குரியது எது எனத் தெரிந்தெடுத்தல் பிறிதொன்று. முன்னது செல்வம், பின்னது அறிவு.

தமிழ்ச் சொற்களை நோக்கும் முறையில் நமக்கு இரு மரபுகள் வாய்த்துள்ளன. ஒன்று நிகண்டு மரபு. அது சொற்களை ஒன்றுபடுத்திக் காட்டுவது. மற்றொன்று இலக்கண நூலாரும் உரையாசிரியரும் வளர்த்த மரபு. அது சொற்களை வேறுபடுத்திக் காட்டுவது. இன்றைய ஆராய்ச்சி உரைநடை பெரும்பாலும் முன்னதன் வழியிலேயே இயங்குகின்றது என்பதும், அதனால் விளையும் இழுக்கு நடையழகைப் பற்றியது மட்டுமன்று, ஆராய்ச்சியின் முடிபையே பற்றியது என்பதும் இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்துகளாம். சொல் மயங்கினால் பொருள் மயங்கும். பொருள் மயங்கினால் முடிபு பிழைபடும். இதனைச் சில சான்றுகளால் ஈண்டு ஆராய்வோம்.

நிகண்டு மரபின் பயனும் எல்லையும்

திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் செய்த தொண்டு பெரிது. அவை தோன்றிய நோக்கம் செய்யுள் இயற்றுவார்க்கும் செய்யுள் கற்பார்க்கும் துணையாதல். எதுகையும் மோனையும் வேண்டி நிற்கும் புலவனுக்கு ஒரு பொருள் குறித்த பல சொற்கள் ஒருங்கே தொகுத்து வைக்கப்பட்டிருத்தல் இன்றியமையாதது. மனப்பாடம் செய்தற்கு எளிதாக அவை நூற்பாவிலும் விருத்தத்திலும் அமைந்தன. 1732-இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியும் பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளுள் தொடைக்கு ஒரு பகுதியை ஒதுக்கியதனை நோக்குக. சொற்றொகுப்பு செய்யுளாக்கத்திற்குத் துணை என்னும் எண்ணம் அக்காலத்தும் நிலவிற்று என்பது இதனால் விளங்கும்.

தொகுத்தலின் இயல்பு வேற்றுமையை விடுத்து ஒற்றுமையைக் கொள்ளுதல். ஆகலின், நிகண்டில் ஒருங்கு நிற்கும் சொற்கள் எல்லாம் எல்லா இடத்தும் ஒருபொருளன என்று கொள்ளுதல் நிகண்டு நூலார் கருத்தன்று; அது கற்பார் தாமாகக் கொண்ட மயக்கம். தொல்காப்பியர் திரிசொல்லை இருவகையாகப் பகுத்தார். ஒரு பொருள் குறித்த பல சொற்கள் ஒரு வகை. பல பொருள் குறித்த ஒரு சொல் மற்றொரு வகை. வெற்பு, விலங்கல், விண்டு என்பன மலையைக் குறித்தலை முன்னதற்கும், எகினம் என்பது அன்னம், கவரிமா, புளிமா, நாய் என்னும் நான்கனையும் குறித்தலைப் பின்னதற்கும் உரையாசிரியர்கள் காட்டுவர். இவ்விரு வகையும் உணர்த்தும் உண்மை ஒன்றே. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு ஒன்றுக்கொன்று என்னும் எளிய கணக்கன்று. எங்கு, எவர், எவரிடம், எதனைப் பற்றி என்பனவற்றால் வரையறுக்கப்படுவது அது. அவ்வரையறையைக் காட்டுதல் நிகண்டின் பணியன்று, இலக்கணத்தின் பணி.

இலக்கண நூலார் காட்டும் வேற்றுமை

சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே தொல்காப்பியர் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கு வினைகளுக்கும் இட வரையறை கூறுகின்றார். வரவும் தரவும் தன்மை முன்னிலைகளுக்கு உரியன; செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன. இதன்படி ஒருவர் எனக்கும் நினக்கும் தருவர், அவனுக்குக் கொடுப்பர். கைமாறும் பொருள் ஒன்றே. வினையும் புறத்தோற்றத்தில் ஒன்றே. பெறுவார் எவர் என்பதற்கேற்பச் சொல் வேறாகின்றது.

எட்டு இயல்களுக்குப் பின் எச்சவியலில் அவர் ஈ, தா, கொடு என்னும் மூன்று இரவுச் சொற்களை எடுத்துக்கொள்கின்றார். இழிந்தோன் ஈ என்றும், ஒப்போன் தா என்றும், உயர்ந்தோன் கொடு என்றும் கேட்பது மரபு என்கின்றார். இவ்விடத்துக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒரு முரண் தோன்றும். கொடு என்பது படர்க்கைக்கு உரியது என முன்னர்க் கூறினார்; தனக்கு வேண்டுமெனக் கேட்கும் உயர்ந்தோன் தன்மைக்கண் அன்றோ நிற்கின்றான்? இம்முரணை ஆசிரியரே உணர்ந்து விடை கூறுகின்றார். உயர்ந்தோன் தன்னைப் பிறன் ஒருவன் போல வைத்துக் கூறும் குறிப்பினால் அச்சொல் தன்மைக்கும் இயலும் என்பது அவ்விடை.

இதன் நுட்பம் பெரிது. கேட்பது தாழ்வு என்பதை அறிந்த உயர்ந்தோன், கேட்கும் தன்னைத் தன்னினின்றும் பிரித்து அயலான் போல நிறுத்திக்கொள்கின்றான். அதனால் இரத்தலின் இழிவு அவனைச் சாராது ஒழிகின்றது. ஒரு வினைச்சொல்லின் தேர்வில் ஒரு சமுதாய உறவு முழுவதும் அடங்கியிருத்தலைத் தொல்காப்பியர் கண்டு காட்டியுள்ளார். இம்மூன்றனையும் கொடுத்தல் என ஒரே பொருளில் அடக்கிவிடுவோமாயின் நாம் இழப்பது ஓரிரு சொற்களை மட்டுமன்று. அச்சொற்கள் ஏந்தி நின்ற வாழ்க்கைக் குறிப்பையும் இழக்கின்றோம். இன்று வழக்கில் ஈ என்பது தனிவினையாக அருகி, ஈகை, ஈவு முதலிய சொற்களில் நிலைத்துள்ளது. அங்கும் தன் பழம்பொருளை அது கைவிடவில்லை. வறியார்க்கு ஒன்று கொடுத்தலே ஈகை, ஏனைய எல்லாம் பயன் எதிர்நோக்கிய கொடை என வள்ளுவர் 221-ஆம் குறளில் வரையறுத்தமை, இழிந்தோன் கேட்கும் சொல் ஈ என்னும் இலக்கணத்தோடு இயைந்து நிற்றல் காண்க.

சிறப்புச்சொல்லைத் தேர்தல் போலவே பொதுச்சொல்லைத் தேர்தலும் ஒரு திறமாம். அடிசில், அணி, இயம், படை என்பன பலவற்றைத் தழுவிய பொதுப்பெயர்கள். அடிசிலுள் உண்பன, தின்பன, பருகுவன எல்லாம் அடங்கும். ஆகலின் அதற்கு உண்டல், தின்றல் என்னும் ஒன்றற்கே உரிய வினையைத் தாராது, அயிலுதல், மிசைதல் என்னும் பொதுவினையைத் தருக என்பது கிளவியாக்கத்து விதி. அணிக்கு அணிதல், கவித்தலும் பூட்டலும் அன்று. இயத்திற்கு இயம்புதல், ஊதுதல் அன்று. குறிப்பாகச் சொல்லவேண்டிய இடத்துப் பொதுவாகச் சொல்லுதல் குற்றம் என்பதைப் பலரும் அறிவர். பொதுவாகச் சொல்லவேண்டிய இடத்துக் குறிப்பாகச் சொல்லுதலும் அதற்கிணையான குற்றம் என்பதை இவ்விதி உணர்த்துகின்றது. செம்மையான சொல் என்பது எப்போதும் குறுகிய பொருளுடைய சொல் அன்று. கருதிய பொருளின் அளவே தன் அளவாக உடைய சொல்லே செம்மையான சொல்.

பொருளதிகாரத்தின் இறுதியில் நிற்கும் மரபியலும் இந்நெறியிலேயே இயங்குகின்றது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என இளமைப்பெயர் ஒன்பதனை வகுத்து, எவ்வுயிர்க்கு எப்பெயர் உரியது என ஆசிரியர் விளக்குகின்றார். புறத்தே வன்மை உடையன புல் என்றும், அகத்தே வன்மை உடையன மரம் என்றும் பகுத்து, ஒவ்வொன்றன் உறுப்புகளுக்கும் பெயர் கூறுகின்றார். தென்னையும் பனையும் இவ்வகையில் மரம் ஆகா. ஓலையும் மடலும் பாளையும் ஈர்க்கும் அவற்றின் உறுப்புகள். இலை என்று கூறத்தக்கது மரத்தின் உறுப்பு. அதேபொழுது தோடு போன்ற சில பெயர்களை இருவகைக்கும் பொதுவாக வைத்தமையும் நோக்கத்தக்கது. உலகில் உள்ள வேற்றுமையைச் சொல்லிலும் காத்தல், இல்லாத வேற்றுமையைச் சொல்லில் கற்பியாமை ஆகிய இரண்டும் அவர் கொண்ட நெறி.

வள்ளுவர் சொல்லாட்சியும் உரையாசிரியர் நோக்கும்

ஒரு சொல்லைச் சொல்லுமுன், அதனை வெல்ல வல்ல வேறொரு சொல் இல்லை என்பதை அறிந்து சொல்லுக என வள்ளுவர் சொல்வன்மை அதிகாரத்தில் (645) அறிவுறுத்துகின்றார். அவையில் பேசுவார்க்குக் கூறிய இவ்வறிவுரை எழுதுவார்க்கும் பொருந்துவதே. இதனை வள்ளுவர் பிறர்க்குக் கூறியதோடு அமையாது தாமே மேற்கொண்டனர் என்பதற்கு இரு சான்றுகள் காண்போம்.

முதலாவது அன்பும் அருளும். அன்புடைமை இல்லறவியலில் நிற்கின்றது. அருளுடைமை துறவறவியலில் நிற்கின்றது. தொடர்புடையார்மாட்டுச் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் எனப் பரிமேலழகர் வேற்றுமை காட்டுவர். இவ்வேற்றுமை உரையாசிரியர் தாமே புனைந்ததன்று. பொருள்செயல்வகையில் (757) வள்ளுவரே அருளை அன்பு ஈன்ற குழந்தையாக உருவகித்துள்ளார். தாயும் சேயும் ஒன்றல்லர், தொடர்பற்றவரும் அல்லர். இரு சொற்களின் வேற்றுமையையும் உறவையும் ஒருங்கே காட்டும் திறம் அது. வள்ளுவர் எல்லா உயிரிடத்தும் அன்பு வேண்டும் என்கின்றார் என எழுதிச் செல்லும் கட்டுரையாளர், நூலின் அமைப்பையே தம் சொல்லால் குலைத்து விடுகின்றார்.

இரண்டாவது வாய்மை. உள்ளத்தின் தூய்மை உண்மை, வாயின் தூய்மை வாய்மை, மெய்யின் தூய்மை மெய்ம்மை எனப் பிரித்து விளக்குதல் நம்மிடையே பெருவழக்கு. கேட்டற்கு இனிய விளக்கமே. ஆயினும் திருக்குறளின் சொல்லாட்சியோடு ஒத்துநோக்கின் இது முழுதும் பொருந்துமாறில்லை. உண்மை என்னும் சொல் 571-ஆம் குறளிலும் 1153-ஆம் குறளிலும் வருகின்றது. முன்னதில் கண்ணோட்டம் உளதாதலையும், பின்னதில் பிரிவு ஓரிடத்து உளதாதலையும் அது குறிக்கின்றது. ஈரிடத்தும் அதன் பொருள் இருத்தல் என்பதே. உரையாசிரியர்களும் இச்சொல்லை இன்மைக்கு மறுதலையாக வழங்குவர். உள் என்னும் அடியிற் பிறந்தது என்பது கொண்டு உள்ளத்தோடு இதனைத் தொடர்புபடுத்துதல், சொல்லின் ஒலியை நோக்கிச் சொல்லின் ஆட்சியை நோக்காது விடுதலாம்.

இதனால் விளையும் பொருள் வேற்றுமை சிறிதன்று. உள்ளது உள்ளவாறு கூறலே வாய்மை என்று வள்ளுவர் கூறவில்லை. பிறர்க்குத் தீங்கு சிறிதும் பயவாத சொல்லே வாய்மை என்கின்றார் (291). குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கின்றார் (292). வாய்மை என்னும் சொல்லிடத்தே அவர் வைத்துள்ள அளவுகோல் பொருளின் இருப்பு அன்று, சொல்லின் பயன். இருப்பைக் குறிக்கும் உண்மை என்னும் சொல்லை அங்குப் பெய்து, உண்மை பேசுதலை வள்ளுவர் வற்புறுத்துகின்றார் என எழுதுவோமாயின், இல்லாததும் உள்ளதன் இடத்தைப் பெறும் என்று அவர் கூறியதாக முடியும். அவர்மேல் முரண் ஒன்றை நாமே ஏற்றியவராவோம். பின்னர் அம்முரணைத் தீர்க்கப் பக்கம் பக்கமாக எழுதவும் நேரும். முரண் நூலில் இல்லை. அதனை எடுத்துரைத்தவர் ஆண்ட சொல்லில் உள்ளது.

ஆராய்ச்சி உரைநடையில் சொல் மயக்கம்

இனி, இன்றைய ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் ஆய்வேடுகளிலும் பரவலாகக் காணப்படும் மூன்று மயக்கங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது கருப்பொருள் என்னும் சொல். புதினத்தையோ சிறுகதையையோ ஆராய்வார், அது எதனைப் பற்றியது என்பதைக் குறிக்கக் கருப்பொருள் என்று எழுதுகின்றனர். அவ்வழக்கு இன்று வேரூன்றிவிட்டது. சங்க இலக்கியத்தை ஆராய்வாரும் அச்சொல்லை அப்பொருளிலேயே கொண்டு, இந்நெய்தற் பாட்டின் கருப்பொருள் தலைவியின் இரங்கல் என எழுதும்போது இடர்ப்பாடு தோன்றுகின்றது. அகத்திணையியலில் கருப்பொருள் என்பது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலாயின. இரங்கல் நெய்தலின் உரிப்பொருள். நூலாசிரியர் முப்பொருளாகப் பகுத்தவற்றுள் ஒன்றன் பெயரை மற்றொன்றற்கு இட்டு, அம்முப்பொருட் பாகுபாட்டையே அந்நூலாசிரியர் பெயரால் விளக்கப் புகுதல் எவ்வாறு இயலும்?

இம்மயக்கம் ஒரு சொல்லோடு நில்லாது. உள்ளுறை உவமம் தெய்வம் ஒழிந்த கருப்பொருளை நிலைக்களனாகக் கொண்டு பிறக்கும் என்பது தொல்காப்பிய விதி. சுனையும் வண்டும் மீனும் நாரையும் நிலைக்களனாக நிற்க, அவற்றின்வழித் தலைமக்கள் ஒழுகலாறு உள்ளுறுத்து உணர்த்தப்படும் என்பது இதன் கருத்து. கருப்பொருளைப் பாடுபொருள் எனப் பிழைபடக் கொண்ட மாணவர் இவ்விதியைப் படிப்பின், பாட்டின் பாடுபொருளே உள்ளுறைக்கு நிலைக்களன் என்று உணர்வர். உணர்த்தும் பொருளும் உணர்த்தப்படும் பொருளும் இடம் மாறிவிடும். ஒரு சொல் பிறழ்ந்ததனால் ஓர் இலக்கியக் கொள்கையே தலைகீழாகின்றது. பாடுபொருள் என்னும் தெளிவான சொல் இருக்கவும், புதினத்திற்குக் கரு என்னும் சொல்லே போதுமானதாக இருக்கவும், அகப்பாட்டு ஆராய்ச்சியில் இம்மயக்கத்திற்கு இடம் கொடுத்தல் வேண்டா.

இரண்டாவது உள்ளுறை என்னும் சொல்லே. குறிப்பாற் பொருள் தரும் எவ்விடத்தையும் உள்ளுறை என்று சுட்டும் வழக்கம் பெருகியுள்ளது. உள்ளுறை உவமமும் இறைச்சியும் வேறென்பதனைத் தொல்காப்பியர் இரண்டனையும் வெவ்வேறிடத்து வெவ்வேறு இலக்கணத்தால் கூறியதனாலேயே அறியலாம். உவமையாக ஒப்புமை காணத்தக்கது உள்ளுறை. கூறிய பொருளின் புறத்தே தோன்றுவது இறைச்சி. கருப்பொருளின் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தலைமக்கள் வாழ்வில் நேரொப்புக் காட்ட இயலுமாயின் அதனை உள்ளுறை எனலாம். ஒப்புமை காண இயலாது, குறிப்பு மட்டும் பிறக்குமாயின் அதற்கு அப்பெயர் பொருந்தாது. இரண்டற்கும் ஒரு பெயரே இடுவார், ஒப்புமை இல்லாத இடத்தும் ஒப்புமையைத் தேடி வருவித்துப் பாட்டை நலிகின்றனர்.

மூன்றாவது செய்யுள் என்னும் சொல். இன்று இதனை உரைநடைக்கு மறுதலையாக வழங்குகின்றோம். பாடநூல்களும் செய்யுட் பகுதி, உரைநடைப் பகுதி எனப் பிரிக்கின்றன. இவ்வழக்கில் குற்றமில்லை. ஆயின் இப்பொருளையே தொல்காப்பியத்தின்மேல் ஏற்றி, அந்நூல் செய்யுளுக்கே இலக்கணம் கூறிற்று, ஆதலின் அக்காலத்து உரைநடை இலக்கியம் இல்லை என்று முடிபு கூறுவாரும் உளர். செய்யுளியலோ பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழனைக் கூறி, அவற்றைச் செய்யுள் என்னும் பெயராலேயே சுட்டி, அவ்வேழனுள் ஆறு அடிவரையறை இல்லாதன என்கின்றது. உரைவகை நடை நான்கு என்று அதனைப் பகுத்தும் காட்டுகின்றது. அங்கே பாட்டுக்கு மறுதலையாக நிற்பது உரை. செய்யுளுக்கு மறுதலையாக நிற்பது வழக்கு. எழுதப்பட்ட உரைநூல்கள் அக்காலத்து எந்த அளவில் இருந்தன என்பது தனியே ஆராய்தற்குரியது. அவ்வாராய்ச்சியின் வாயிலை ஒரு சொல்லின் இக்காலப் பொருளால் அடைத்துவிடுதல் முறையன்று.

திறனாய்வில் வெறுஞ்சொல்

பொருள் மயங்கிய சொல்லைக் காட்டிலும் பொருளே இல்லாத சொல் நுண்ணிய தீங்கு விளைப்பது. ஏனெனின் அதனைப் பிழை என்று சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை. அழகுறப் பாடியுள்ளார், நயம்பட வருணித்துள்ளார், ஒப்பற்ற முறையில் படைத்துள்ளார் என்னும் தொடர்கள் திறனாய்வுக் கட்டுரைகளில் மலிந்து கிடக்கின்றன. இவற்றுள் எத்தொடரையும் எப்புலவர்க்கும் உரியதாக்கலாம். எல்லார்க்கும் பொருந்தும் பாராட்டு ஒருவர்க்கும் உரியதன்று. நன்னூலார் கூறிய பத்துக் குற்றங்களுள் வெற்றெனத் தொடுத்தல் என்பது இதனையே தழுவும்.

குறிஞ்சிப்பாட்டைச் சான்றாகக் கொள்வோம். கபிலர் 99 மலர்களை நயம்பட வருணித்துள்ளார் என எழுதுதல் பெருவழக்கு. இத்தொடரில் வருணித்தல் என்னும் சொல் பொருந்துமா என்று நோக்குக. அப்பாட்டு முழுவதும் தோழி கூற்று. தலைவியின் மெலிவுக்குக் காரணம் அறியாது வருந்தும் செவிலிக்குத் தோழி அறத்தொடு நிற்கின்றாள். தாமும் தலைவியும் புனங்காத்து, அருவியாடி, மலர் பறித்துப் பாறையிற் குவித்த செய்தியை அவள் அடைவே எடுத்துரைக்கின்றாள். அவ்வடைவில் வருவனவே அம்மலர்ப் பெயர்கள். வருணித்தல் என்றால் பேசுவார் கபிலர், பொருள் இயற்கை என்றாகின்றது. எடுத்துரைத்தல் என்றால் பேசுவாள் தோழி, கேட்பாள் செவிலி, நோக்கம் அறத்தொடு நிலை என்றாகின்றது. அவ்வாறு கொண்டால்தான், அஞ்சத்தக்க செய்தியைக் கூறப் புகுந்தவள் இத்தனை மலர்களை ஒன்றும் விடாது ஏன் எண்ணினாள் என்னும் வினாவே பிறக்கும். களங்கமற்ற விளையாட்டில் கழிந்த பகற்பொழுதைத் தாயின் கண்முன் நிறுத்தி, அவள் சினம் ஆறிய பின்னர்த் தலைவன் வரவைக் கூறும் தோழியின் சூழ்ச்சித்திறன் அதனால் புலனாகும். கூற்று என்னும் பழைய இலக்கணச் சொல் திறனாய்வாளர்க்குத் திறந்துவிடும் வாயிலை, வருணனை என்னும் சொல் மூடிவிடுகின்றது.

தடையும் விடையும்

இங்குச் சில தடைகள் எழக்கூடும். மொழி மாறும் இயல்பினது. சொற்கள் புதுப்பொருள் பெறுதல் இயற்கை. அதனைத் தடுக்க முற்படுதல் வீண் என்பது ஒரு தடை. மாற்றத்தைத் தொல்காப்பியரே மறுக்கவில்லை. காலத்தால் வந்து வழங்குவனவற்றை விலக்க வேண்டா என எச்சவியலில் அவர் உடன்பட்டுள்ளார். நாவல் ஆராய்ச்சியில் கருப்பொருள் புதுப்பொருளில் வழங்குவதில் இழுக்கில்லை. பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே கட்டுரையில், சில வேளை ஒரே தொடரில், எதிர்ப்படும் இடத்து வேறுபாடு காட்டாது செல்லுதலே இழுக்கு. பழைய நூலை ஆராய்வார் அந்நூல் சொல்லுக்கு அளித்த பொருளையே முதற்கண் கொள்ளுதல் வேண்டும். புதுப்பொருளில் ஆள்வாராயின் அதனை வரையறுத்து ஆளுதல் வேண்டும்.

தூய தமிழ்ச்சொல்லைத் தேர்ந்தால் போதும், தெளிவு தானே வரும் என்பது மற்றொரு கருத்து. தமிழ்ச்சொல் கிடைக்கும் இடத்து அதனையே ஆளுதல் நம் கடமை. ஆயினும் சொல்லின் பிறப்பு வேறு. அதன் பொருத்தம் வேறு. கழகம் என்னும் நல்ல தமிழ்ச்சொல் திருக்குறளில் சூது என்னும் அதிகாரத்தில் சூதாடும் இடத்தைக் குறிக்கின்றது. கற்றோர் கூடும் இடத்தையும் அது குறிக்கும். இன்று பல்வகை அமைப்புகளைக் குறிக்கின்றது. தமிழ்ச்சொல் என்னும் தகுதி ஒன்றே அதன் பொருளை உறுதி செய்துவிடவில்லை, சூழலே செய்கின்றது. ஆகவே தூய்மையும் செம்மையும் இரு வேறு தேர்வுகள்; ஒன்றில் வென்ற சொல் மற்றொன்றிலும் நின்று காட்டுதல் வேண்டும்.

இத்துணை நுட்பம் நோக்கின் நடை கடுமையாகும், கற்பார்க்கு விளங்காது என்பது மூன்றாவது தடை. உண்மை இதற்கு மாறானது. நடை கடினமாவது பெரும்பாலும் பொருந்தாச் சொல்லை முதலில் எழுதி, அதன் குறையை நிரப்ப மேலும் பல சொற்களை அடுக்குவதனால் ஆம். சுருங்கச் சொல்லலையும் விளங்க வைத்தலையும் அழகுகளாகவும், குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் குற்றங்களாகவும் நன்னூல் வைத்துள்ளது. சுருக்கம் குறைவாகிவிடாமலும் விளக்கம் மிகையாகிவிடாமலும் காப்பது சரியான சொல் ஒன்றே. சில சொற்களால் குற்றமறச் சொல்ல அறியாதவரே பல சொல்ல விரும்புவர் என வள்ளுவர் கூறியதும் (649) இதுவே.

சொல்லைத் தேரும் மூன்று முறைகள்

மேற்கூறியவற்றினின்றும் எழுதுவார்க்குப் பயன்படும் மூன்று முறைகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, மாற்றிப் பார்த்தல். எழுதிய சொல்லை நீக்கி, அதற்கு இனமான பிற சொற்களை ஒவ்வொன்றாக அவ்விடத்துப் பெய்து நோக்குக. பொருள் சிறிதும் வேறுபடவில்லையாயின் இரண்டனுள் ஒன்றுக்கு நாம் இன்னும் பொருள் அறியவில்லை என்றே கொள்ளலாம். வேறுபடுமாயின் அவ்வேறுபாடு யாது என்பதை ஒரு தொடரில் எழுதிப் பார்க்க.

இரண்டாவது, மறுதலை வைத்துப் பார்த்தல். உண்மைக்கு இன்மையும், வாய்மைக்குப் பொய்ம்மையும், பாட்டுக்கு உரையும், செய்யுளுக்கு வழக்கும் மறுதலையாக நிற்றலைக் கண்டோம். ஒரு நூலில் ஒரு சொல்லின் எல்லை யாது என்பதை அதன் எதிரே நிற்கும் சொல் காட்டிவிடும். அகராதி ஒரு சொல்லின் பல பொருள்களை நிரல்படுத்தும்; அவற்றுள் இந்நூலுக்குரிய பொருள் எது என்பதனை இம்முறை தெளிவிக்கும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் பிற்சேர்க்கையாகவும் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி நமக்குப் பெருந்துணை. ஆயினும் அகராதியைப் பார்த்தல் ஆராய்ச்சியின் தொடக்கமே, முடிவன்று.

மூன்றாவது, இடம் பெயர்த்துப் பார்த்தல். ஒரு நூலைப் பற்றி எழுதிய தொடரில் அந்நூலின் பெயரை நீக்கி வேறொரு நூலின் பெயரைப் பெய்து நோக்குக. அப்போதும் அத்தொடர் இடர்ப்பாடின்றி நிற்குமாயின், அது முதல் நூலைப் பற்றி எதுவும் கூறவில்லை என்பது தெளிவு.

முடிவுரை

ஒருபொருட் பன்மொழி தமிழின் வளம் என்பதில் ஐயமில்லை. அவ்வளம் எண்ணிக்கையால் அமைந்ததன்று. ஒவ்வொரு சொல்லும் தனக்கென ஓர் இடம் பெற்று நிற்றலால் அமைந்தது. அவ்விடங்களை அறிந்து காட்டிய தொல்காப்பியரும் வள்ளுவரும் உரையாசிரியரும் நமக்கு விட்டுச்சென்றது சொற்குவியலை மட்டுமன்று. சொற்களைத் தெரிந்தாளும் நெறியையும் ஆகும். அந்நெறியைப் பாட நூற்பாக்களாகக் கற்பித்துத் தேர்வில் வினவுகின்றோம். நம் கட்டுரைகளில் அதனை மேற்கொள்ளாது விடுகின்றோம். ஈ, தா, கொடு என்பவற்றின் வேற்றுமையைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவர், கருப்பொருளையும் உரிப்பொருளையும் தம் ஆய்வேட்டில் மயங்க எழுதுவாராயின், கற்ற இலக்கணம் அவர்க்குப் பயன்பட்டது எனக் கூறல் இயலாது. பட்டத்திற்கு ஆய்வேடு எழுதுவாரும் அதனை நெறிப்படுத்துவாரும், முடிபுகளை ஆராயுமுன் அம்முடிபுகளைத் தாங்கி நிற்கும் சொற்களை ஆராய்வாராக. தமிழாராய்ச்சியின் உறுதி அங்குத் தொடங்கும்.